கொடுத்த தகரத்தைத் தேடிப் போன நாட்கள்

இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை முடிகிற வாரம். ஊர் சங்கரன்கோவில். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விசைத்தறிதான் பிழைப்பு, எனக்கும் அதுதான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், அதில் நாலு தறி. வங்கிக் கடனில் வாங்கிய தறி என்பதால் ஷெட்டுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் போட்டிருந்தார்கள். வருடா வருடம் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அது எதற்கு, எப்படி என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

அன்று வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். அப்படி வெயில் அடித்துக்கொண்டிருந்தது, திடீரென்று மேற்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கரண்ட் போனது. தறி நின்றதும், என்னிடம் வேலை பார்த்த புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள். நானும் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தேன். செம்பை வாயில் வைத்தேனோ இல்லையோ, வந்தது பாருங்கள் ஒரு காற்று. லாரி நிறையப் பாத்திரத்தை மொத்தமாகக் கொட்டுகிற மாதிரி பின்பக்கம் சத்தம். பத்து நிமிடம்கூட இருக்காது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஷெட்டுக்குள் நின்று வானத்தைப் பார்க்கலாம். தகரமெல்லாம் வளைந்து சுருண்டு சந்திலும் அடுத்த வீட்டுச் சுவரிலும் கிடந்தது. ஒன்று கரண்ட் கம்பியில் தொங்கியது. தெரு முனையில் மின்கம்பமே சாய்ந்துவிட்டது. தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஒருத்தர் மேலும் ஒரு கீறல் இல்லை. எங்கள் ஊர் அம்மன், தாயார் கோமதிதான் அந்த நேரம் பார்த்து கரண்டை நிறுத்தினாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

தெருவே திரண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர்தான் முதலில் இறங்கினார். "அண்ணாச்சி, இதை இங்கன போட்டு வச்சா பிள்ளைக கால்ல கீறிக்கிடும். அள்ளிருவோம்" என்றார். என் வீட்டுக்காரியும் சொன்னாள்: "விடிஞ்சா வெள்ளிக்கிழமை. ஒடைஞ்சு கிடக்கதுக்கு நடுவுல எப்படி விளக்கேத்த?"

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடியோ காற்றோ அடித்து விழுந்த கூரைச் சாமானை அதே வீட்டுக்கு மறுபடி போட மாட்டோம். விலைக்கும் போட மாட்டோம். தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அப்பா காலத்தில் ஓலையும் கம்பும், என் காலத்தில் தகரம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் யார் யார் கேட்டார்களோ அவர்களுக்கெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தலையில் வைத்தும் சைக்கிளில் கட்டியும் கொண்டுபோனார்கள். இருட்டுவதற்குள் சந்து சுத்தமாகிவிட்டது. அந்தக் கஷ்டத்திலும் மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தனக்கே கூரை போயிருக்கிறது, அப்போதும் கொடுக்கிறான் பார் என்று நாலு பேர் நினைப்பார்கள் அல்லவா. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை வங்கிக்குப் போய்ச் சொன்னேன். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதோடு நம் வேலை முடிந்தது, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வந்துவிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நானே நேராகத் தெரிவித்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பெனி அனுப்பிய சர்வேயர், அதாவது சேதத்தைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர், வருவதற்குப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. நடுத்தர வயது மனிதர், திருநெல்வேலியிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தார். ஷெட் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தார். தறி மேல் தார்ப்பாய், தரை பளிச்சென்று இருந்தது.

"விழுந்த ஷீட்டெல்லாம் எங்க?"

"கொடுத்துட்டேன் சார்."

"கொடுத்தியளா, வித்தியளா?"

"விக்கலை சார். இல்லாத சனங்களுக்கு..."

அவர் பேனாவை மூடினார். "அண்ணாச்சி, நீங்க நல்ல மனுஷனா இருக்கலாம். ஆனா நான் எதைப் பாத்து எழுத? பெருக்கிக் கோலம் போட்டுலா வச்சிருக்கிய!"

நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனி பிறந்த வாரத்தில் கடிதம் வந்தது, இங்கிலீஷில். நான் எட்டாவது வரை படித்தவன். எதிர் வீட்டில் டீச்சராக இருக்கிற பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். சேதமான பொருளை ஆய்வுக்கு முன்னால் அப்புறப்படுத்திவிட்டேன், காற்றால்தான் விழுந்தது என்பதற்குச் சாட்சி இல்லை, ஆகையால் இழப்பீடு கிடையாது. அவ்வளவுதான்.

அதற்குள் ஷெட்டில் வேலை நின்று ஒரு மாதம் தாண்டிவிட்டது. வேலை பார்த்த இரண்டு பேரும் ராஜபாளையம் பக்கம் மில்லுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்களைப் போன்றவர்களுக்குப் பாவும் நூலும் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி ஒரு நாள் நேரிலேயே வந்தார். தார்ப்பாயைத் தூக்கித் தறியைத் தொட்டுப் பார்த்தார், விரலில் துரு ஒட்டியது. "ஆடி பொறக்கதுக்குள்ள தறி ஓடணும்வே. இல்லேன்னா பாவை எடுத்து வேற ஷெட்டுக்குப் போட்டிருவேன். எனக்கும் மேல ஆளு இருக்குல்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அதிகம் பயமாக இருந்தது. பாவு போனால் தறி வெறும் இரும்பு. அந்தக் கூரை வந்தால்தான் நாங்கள் பிழைக்க முடியும், கூரை போட என் கையில் வழியில்லை.

திருநெல்வேலியில் உள்ள கம்பெனி கிளைக்கு மூன்று தடவை போனேன். காலையில் முதல் பஸ் பிடித்துப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் திரும்பி வருவது. முதல் தடவை, பார்க்க வேண்டிய அதிகாரி இல்லை. இரண்டாவது தடவை அவர் இருந்தார், ஃபைல் இல்லை. மூன்றாவது தடவை கண்ணாடி போட்ட ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். சிரிக்கத் தெரியாத முகம். ஏதோ எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் நான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். வழக்கத்தைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன், கொடுத்ததைச் சொன்னேன். திட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"யார் யாருக்குக் கொடுத்தீங்கன்னு தெரியுமா?"

"தெரியும்மா. எல்லாம் அக்கம்பக்கத்து ஆளுகதான்."

"அப்ப பொருள் அழியலையே. இடம்தானே மாறியிருக்கு?"

இதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதியே கொடுத்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய் ஷீட்டை இருக்கிற இடத்தில் வைத்தே போட்டோ எடுக்க வேண்டும். கொக்கி போல்ட் மாட்டிய துளையும், ஷீட்டில் அச்சடித்திருக்கும் தகரக் கம்பெனிப் பெயரும் அளவும் தெரிய வேண்டும். வாங்கிய பில் வேண்டும். அன்றைக்குக் காற்றடித்தது உண்மை என்று வி.ஏ.ஓ. சான்று, கம்பம் சாய்ந்ததற்கு மின்வாரியத்தில் ஒரு கடிதம். எல்லாவற்றையும் சேர்த்து, மறு ஆய்வு கேட்டு மனு. "மனுவுக்கு ஒரு காப்பி வச்சுக்கிட்டு அதுல சீல் வாங்கிட்டுப் போங்க" என்று கடைசியாகச் சொன்னார்கள். நன்றி சொல்லக் கை எடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பில் இருந்தது. ஷெட் போட்ட அன்று மஞ்சள் குங்குமம் தடவிப் பூஜை அலமாரியில் வைத்தது, அப்படியே இருந்தது. சான்றுக்கு இரண்டு நாள் நடந்தேன், மின்வாரியத்துக்கு இரண்டு நாள். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. கொடுத்த வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் முடியவில்லை.

கொடுத்த பொருளைத் திரும்பிப் பார்ப்பதே பாவம் என்று வளர்ந்தவன் நான். கண்ணேறு பட்டுவிடும் என்று, கொடுத்த பசுங்கன்றைக்கூட அப்பா மறுபடி போய்ப் பார்க்க மாட்டார். என் வீட்டுக்காரி, "அங்கன போயி எப்படி நிப்பிய? திருப்பிக் கேக்க வந்திருக்காவன்னு நெனச்சிர மாட்டாவளா?" என்று கண் கலங்கினாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று எட்டு நாள் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் கோவிலுக்குப் போய் அம்மன் சன்னதிக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது மனதில் தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எழுந்தபோது முழங்கால்தான் வலித்தது. ஆடிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்பது மட்டும் வாசலுக்கு வரும்போது ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பதினொரு வீடு. முதல் வீட்டில் கோழிக்கூட்டுக்கு மேல் இருந்தது. அடுத்த வீட்டில் குளிக்கிற இடத்துக்குச் சுவராக நின்றது. ஒரு வீட்டில் விறகு நனையாமல் மூடியிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் முதல் ஐந்து நிமிடம் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று விளக்குவதிலேயே போய்விடும். ஒருத்தர் காதுகொடுத்தே கேட்கவில்லை. "எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. ஒங்க தகரத்துலதான் நாங்க வாழுதோமாக்கும்" என்று கழற்றியே போடப் போனார். அவரைப் பிடித்து நிறுத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்தேன். விஷயம் எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது.

"என்னவே, தர்மம் பண்ணுனதுக்குக் கணக்கெடுப்பா?" என்றார் கடைக்காரர்.

பெஞ்சில் இருந்தவர் விடவில்லை. "பாத்துக்கிடும்வே. குடிச்ச டீயையும் போட்டோ எடுத்துட்டுப் போயிருவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெரிந்தவர்கள்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

கடைசி வீடு குருவிகுளம் ரோட்டில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி. ஆடு வளர்க்கிற ஒரு அக்கா, தனியாக இருக்கிறார்கள். அதே காற்றில் அவர்களுடைய ஆட்டுக் கொட்டகை ஓலை பறந்துபோயிருந்தது. அதனால் இரண்டு தகரம் கொடுத்திருந்தேன். நான் போனபோது கொட்டகை மொட்டையாக நின்றது. ஆடுகள் வேலியோர நிழலில் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. இரண்டு தகரத்தையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது, சோப்புப் போட்டுக் கழுவியிருந்தது. நான் திருப்பிக் கேட்க வருகிறேன் என்று சேதி அவர்களுக்கும் வந்திருக்கிறது.

"வாங்க அண்ணாச்சி. ஒரு ஓரத்துல மட்டும் கிடா முட்டி வளைஞ்சிருக்கு. கோவிச்சுக்கிடாதிய" என்றார்கள்.

திருப்பிக் கேட்க வரவில்லை, படம் எடுக்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் நானே ஒரு தகரத்தைத் தூக்கிக் கொட்டகை மேல் வைத்தேன். அவர்கள் மறு முனையைப் பிடித்தார்கள். இரண்டையும் மேலே போட்டு, பறக்காமல் இருக்கக் கல் வைத்து, ஆடுகளை உள்ளே விட்ட பிறகுதான் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவில் ஓர் ஆடு நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஃபைலில் இன்னும் அது இருக்கும்.

மனு கொடுத்த ஐந்தாம் நாள் அதே சர்வேயர் மறுபடி வந்தார். வெயிலில் அவரைப் பதினொரு வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு நடந்தேன். அவரும் களைத்துத்தான் போயிருந்தார், இருந்தாலும் ஒன்றையும் விடவில்லை. ஏறி நின்று துளையை விரலால் தடவிப் பார்த்தார். "இங்க பாருங்க, கொக்கியைப் பிச்சுக்கிட்டுத் துளை நீளமாக் கிழிஞ்சிருக்கு. காத்து தூக்குனாத்தான் இப்படிக் கிழியும். துருப்பிடிச்சுத் தானா விழுந்தா இந்த மாதிரி இருக்காது. இதை அன்னைக்கே நான் பாத்திருந்தா நீங்க இம்புட்டு அலைஞ்சிருக்க வேண்டாம்" என்றார்.

விறகு மூடியிருந்த வீட்டில் மூன்று தகரம் மட்டும் ஓரமெல்லாம் அரித்திருந்தது. அவர் திரும்பி, "இதுவும் பில்லுல உள்ளதா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது உண்மை. "இல்ல சார், இது முன்னாடியே பழசா வாங்கிப் போட்டது" என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆட்டுக்கார அக்கா வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். அவர் அளந்து முடிக்கும்வரை அக்கா கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். "ஐயா, எழுதிட்டு இதை எடுத்துட்டுப் போயிருவியளா?" என்று அவரிடம் கேட்டார்கள்.

"இல்லம்மா. பொருள் இங்கயே இருக்கட்டும். அதுக்குண்டான மதிப்பை அண்ணாச்சிக்கு வர்றதுல கழிச்சுக்கிடுவாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார்கள். "அப்ப எனக்காவ ஒங்களுக்குக் கொறையுமா?"

அந்த நிமிடத்தில் என் மனதில் ஒரு கணக்கு ஓடியது. இரண்டு தகரம்தான், பெரிய மதிப்பு இல்லை. இருந்தும் ஓடியது. அதுதான் எனக்கே அசிங்கமாக இருந்தது. "அதெல்லாம் கம்பெனி வழக்கம்க்கா, ஒண்ணுமில்ல" என்றேன். அவர்கள் நம்பின மாதிரித் தெரியவில்லை. கிளம்பும்போது எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார்கள். சர்வேயர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

கதையில் வருகிற மாதிரி எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. ஆடி பிறந்தது, பணம் வரவில்லை. சொன்ன மாதிரியே முதலாளி இரண்டு தறிப் பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சீல் வைத்த மனுக் காப்பியைக் காட்டி, மறு ஆய்வு முடிந்துவிட்டது என்று கெஞ்சிய பிறகு மற்ற இரண்டையும் விட்டுவைத்தார். பணம் வந்தது புரட்டாசியில். பழைய தகரம், கொடுத்த தகரம் எல்லாம் கழித்து, தாமதமாகத் தெரிவித்ததற்கும் ஏதோ பிடித்துக்கொண்டு, முழுக் கூரைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் நாலில் மூன்று பங்கு கூரை போட்டோம். நாலாவது தறியை நகர்த்தி உள்ளே வைத்துக்கொண்டோம். தை பிறந்த பிறகு முதலாளி மறுபடி பாவு கொடுத்தார். வேலைக்காரர்கள் இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. இப்போது நானும் என் வீட்டுக்காரியும்தான் ஓட்டுகிறோம்.

இதைப் படிக்கிற யாருக்காவது இப்படி ஒரு கஷ்டம் வந்தால் ஒன்றே ஒன்று சொல்லுகிறேன். சாமி கும்பிடுங்கள், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். வங்கியில் சொன்னால் போதும் என்று இருக்காதீர்கள், பாலிசித் தாளில் இருக்கிற கம்பெனி நம்பருக்கே அன்றைக்கே போன் போடுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்தது உடைந்தபடியே கிடக்கட்டும். மழையில் நனையாமல் மூடத்தான் வேண்டும், அதையும் படம் எடுத்துவிட்டு மூடுங்கள். எது கொடுத்தாலும் காப்பியில் சீல் வாங்குங்கள். முடியாது என்று கடிதம் வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள், ஒரு தடவை நேரில் போய் ஏன் என்று கேளுங்கள்.

என் வழக்கத்தை நான் விடவில்லை. இனியும் விழுந்ததைக் கொடுக்கத்தான் செய்வேன், பத்து நாள் பொறுத்துக் கொடுப்பேன். ஆனால் அந்தப் பதினொரு வாசலிலும் நின்ற பிறகு எனக்குள் ஏதோ ஒன்று மாறிவிட்டது. கொடுத்த அன்றைக்கு, வாங்கிப்போனவர்கள் எப்படித் தலை குனிந்து நின்றார்கள் என்பதை நான் கவனித்ததே இல்லை. அதே மாதிரி நானும் நின்ற போதுதான் தெரிந்தது. முன்பெல்லாம் அம்மன் சன்னதியில், என்னைக் கொடுக்கிற கையாகவே வைத்திரு தாயே என்று மட்டும்தான் வேண்டுவேன். இப்போது, கேட்டுப் போய் நிற்கிற நாள் வந்தால் அதற்கும் தெம்பு கொடு என்று சேர்த்து வேண்டிக்கொண்டு வருகிறேன்.